தந்தை செல்வாவின் முப்பது ஆண்டுப் பொதுவாழ்வை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

கேள்வி: வவுனியா வாசகி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரல் 26 ஆம் நாள் தந்தை செல்வா என அழைக்கப்படும் சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களின் நினைவுநாளை ஒட்டி, உயர்தர வகுப்பு மாணவர்களிடையே உரையாற்றும்படி எங்கள் நூலக வாசகர் வட்டத்தினர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டுவதில் எனக்குச் சிரமம் இல்லை. 1898 மார்ச் 31 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, சிறு வயதிலேயே தெல்லிப்பழைக்கு வந்தவர்; யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரியிலும், பின்னர் பரி. தோமாவின் கல்லூரியிலும் பயின்றவர். ஆசிரியராக இருந்து சட்டம் படித்து, கொழும்பில் சிவில் வழக்குகளில் பெயர்பெற்ற வழக்கறிஞரானவர். 1947 இல் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்று, 1949 இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கி, 1977 இல் மறையும் வரை வடக்கு கிழக்குத் தமிழரின் முதன்மைத் தலைவராக விளங்கியவர்.

என் சிக்கல் இதற்கு அப்பால் இருக்கிறது. சென்ற மாதம் அறிமுகக் கூட்டமொன்றில் இக்குறிப்புகளைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, அவர் செய்த இரண்டு உடன்படிக்கைகளும் நிறைவேறவில்லை, குடியுரிமைச் சட்டமும், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டமும் அவர் எதிர்த்தும் நிலைத்தன, சமஷ்டி என்ற கூட்டாட்சி கிடைக்கவில்லை, ஒருநாள்கூட அமைச்சராக இருக்காததால் ஊருக்கு வீதியோ ஆலையோ கொண்டுவரவும் இல்லை, அப்படியானால் எதற்காக அவரைத் தந்தை என்று அழைக்கிறோம் என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் அவமதிப்பு எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். புகழுரையால் அவளுக்குப் பதில் சொல்ல முடியாது என்று உணர்கிறேன். அந்தக் காலத்தை அறிந்தவர்களும் ஆராய்ந்தவர்களும் உதவ வேண்டுகிறேன்.


மறுமொழி: தெல்லிப்பழையூரான்

தங்கைக்கு வணக்கம். உங்கள் மாணவியின் கேள்வி புதிதன்று. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏறத்தாழ இதே கேள்விதான் காங்கேசன்துறையில் அவர் முன் நின்றது. அந்தத் தேர்தலில் அவர் தோற்கவும் செய்தார். அவரை வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன், சேர் பொன். இராமநாதனின் மருமகன்.

பின்னணி இதுதான். 1947 இல் செல்வநாயகம் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசில் நின்று வென்றார். அடுத்த ஆண்டே டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பொன்னம்பலமோ அதே அரசாங்கத்தில் கைத்தொழில் அமைச்சரானார். அமைச்சராக அவர் செய்த வேலைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, வாழைச்சேனைக் காகித ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆகியவற்றோடு அவர் பெயர் இணைந்திருப்பது நியாயமே. ஆனால் அரசாங்கத்தில் சேர்ந்து பெறக்கூடியதைப் பெறுவதா, அடிப்படை உரிமை பறிபோகும்போது வெளியே நின்று எதிர்ப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, செல்வநாயகம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். இ. மு. வி. நாகநாதன், கு. வன்னியசிங்கம் முதலியோருடன் வெளியேறி, 1949 டிசம்பர் 18 அன்று கொழும்பு மருதானையில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். முதல் தேசிய மாநாடு 1951 இல் திருகோணமலையில் நடந்தது. யாழ்ப்பாணத்தில் நடத்தாமல் கிழக்கில் நடத்தியதைப் பலர் கவனிப்பதில்லை. யாழ்ப்பாணத்துக் கற்றோரின் சங்கமாகக் கட்சி சுருங்கிவிடக்கூடாது என்ற தெளிவு அவருக்குத் தொடக்கத்திலேயே இருந்தது.

1952 இல் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள், தலைவருக்கே தோல்வி. அத்தகைய நிலையில் எத்தனையோ தலைவர்கள் கட்சி மாறியிருக்கிறார்கள். அவர் வழக்கறிஞர் தொழிலை நடத்திக்கொண்டே ஊர் ஊராகச் சென்று கிளைகளை அமைத்தார். 1956 இல் வடக்கிலும் கிழக்கிலுமாகப் பத்து இடங்கள் கிடைத்தன.

மாணவர்களிடம் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் பிரதமர் பண்டாரநாயக்கவுடன் 1957 ஜூலை 26 ஆம் நாள் செய்த உடன்படிக்கை என்பது என் கருத்து. அது முறிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் என்ன எழுதியிருந்தது என்பது மிகச் சிலருக்கே தெரியும். 1956 ஜூன் 5 அன்று தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் கொழும்பு காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்த தமிழரசுக் கட்சியினரைக் காடையர் கூட்டம் தாக்கியது, அ. அமிர்தலிங்கம் தலைக் காயத்துடன் நாடாளுமன்றத்துக்குள் சென்றார். அந்த ஆண்டு ஆகஸ்டில் திருகோணமலை மாநாடு, சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, தமிழ்ப் பகுதிகளில் அரசாங்கம் நடத்திய சிங்களக் குடியேற்றத்தை நிறுத்துதல் ஆகிய நான்கையும் கோரி ஓராண்டுக் காலக்கெடு விதித்தது. அந்தக் கெடு முடிவதற்குள் பிரதமர் பண்டாரநாயக்க பேச்சுக்கு வந்தார்.

உடன்படிக்கையின்படி வட மாகாணம் ஒரு பிராந்திய சபையாகவும், கிழக்கு மாகாணம் இரண்டோ அதற்கு மேற்பட்டோ சபைகளாகவும் அமையும்; மாகாண எல்லையையும் தாண்டிச் சபைகள் ஒன்றோடொன்று இணைய வழி இருக்கும்; உறுப்பினர்கள் மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்படுவார்கள். விவசாயம், கூட்டுறவு, காணி அபிவிருத்தி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், கைத்தொழில், மீன்பிடி, வீடமைப்பு, மின்சாரம், நீர்த்திட்டங்கள், வீதிகள் ஆகிய துறைகளில் அவற்றுக்கு அதிகாரம் உண்டு. குடியேற்றத் திட்டங்களில் யாருக்குக் காணி வழங்குவது என்பதைத் தெரிவு செய்வதும் சபைகளின் பொறுப்பாகும். தமிழ் ஒரு தேசியச் சிறுபான்மையினரின் மொழியாக ஏற்கப்பட்டு, வடக்கு கிழக்கின் நிருவாக வேலைகள் தமிழில் நடக்கும். இவற்றுக்கு ஈடாகச் செல்வநாயகம் சமஷ்டியையும் சம அந்தஸ்தையும் அப்போதைக்கு ஒத்திவைத்து, அறிவித்திருந்த சத்தியாக்கிரகத்தையும் கைவிட்டார். முழுவதையும் கேட்டுப் பாதியைப் பெற்று, அந்தப் பாதியைக் கட்சியினரை ஏற்கச் செய்வது எளிய வேலை அன்று. அந்தத் துணிவு அவருக்கு இருந்தது.

அதன் பிறகு நடந்தவை துயரமானவை. ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்தன 1957 ஒக்டோபரில் உடன்படிக்கையை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். அது இம்புல்கொடையில் தடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் பொறித்த பேருந்துகள் வடக்குக்கு அனுப்பப்பட, தமிழரசுக் கட்சியினர் அந்த எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் பிரதமரின் றொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன் அமர்ந்து நெருக்க, அவர் உடன்படிக்கையைக் கைவிடுவதாக அறிவித்தார். மே மாதம் இனக்கலவரம் வெடித்தது. ஸ்ரீ எதிர்ப்பைச் சற்றுத் தள்ளிப்போட்டிருந்தால் பண்டாரநாயக்கவுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. எனினும் கையெழுத்திட்டவர் தம் கையெழுத்தைக் காப்பாற்றாததற்கான பொறுப்பை மறுதரப்பின் மேல் ஏற்ற முடியாது.

ஆகவே அந்த மாணவியிடம் உடன்படிக்கையின் வாசகத்தையே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் வழியே வந்த மாகாண சபைகளின் அதிகாரப் பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். இடைப்பட்ட காலத்தில் எத்தனை உயிர்கள் போயின என்பதை அவளே எண்ணிப் பார்ப்பாள்.


மறுமொழி: மலையக ஆசிரியர்

தெல்லிப்பழையூரான் ஐயா எழுதியதை மதிப்புடன் வாசித்தேன். 1948 இல் எங்கள் மக்களுக்காகச் செல்வநாயகம் ஐயா எடுத்த நிலைப்பாட்டை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. தம் தொகுதியில் ஒரு வாக்கையும் கூட்டித் தராத ஒரு பிரச்சினைக்காக, வெற்றி பெற்ற கட்சியைவிட்டு வெளியேறினார். தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறிப்பதோடு இது நிற்காது, வடக்கு கிழக்குத் தமிழரின் உரிமைகளுக்கும் இதே கதி வரும் என்ற பொருளில் அவர் அன்று எச்சரித்தார். எட்டே ஆண்டுகளில் மொழிச் சட்டம் வந்து அதை மெய்ப்பித்தது.

ஆனால் வவுனியா வாசகி புகழுரை வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐயா விரிவாகக் கூறிய அதே 1957 உடன்படிக்கையில் மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி என்ன இருந்தது? அந்தக் கோரிக்கையைப் பிரதமர் விரைவில் பரிசீலிப்பார் என்ற அளவிலான உறுதிமொழிதான். நான்கு கோரிக்கைகளில் மிகக் குறைவாகப் பெற்றது எங்களுடையதே. 1964 ஒக்டோபரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் முடிவு செய்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அந்தப் பேச்சுகளில் எங்களைக் கேட்டவர் எவரும் இல்லை. தமிழரசுக் கட்சி அதைக் கண்டித்தது உண்மை. ஆனால் அடுத்த ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கவுடன் அது செய்த உடன்படிக்கை மாவட்ட சபைகளையும் மொழியையும் காணியையும் சுற்றியே அமைந்தது.

இதை நான் குற்றச்சாட்டாக எழுதவில்லை. தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் வேரூன்றியிருந்தன, எஸ். தொண்டமானின் தலைமை தனி வழியில் சென்றது. தமிழரசுக் கட்சி பின்னர் அமைத்த தொழிற்சங்கத்தால் அங்கே பெரிதாக வளர முடியவில்லை. வாக்குரிமை அற்ற மக்களுக்காக வாக்கை நம்பி நிற்கும் கட்சி எவ்வளவு தூரம் போக முடியும் என்பது அன்றைய கட்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சோதனை. செல்வநாயகம் ஐயா அந்தச் சோதனையில் மற்றவர்களைவிட நேர்மையாக நின்றார், ஆனால் எங்களுக்குப் பலன் வரவில்லை என்று மாணவர்களிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


வவுனியா வாசகி

ஐயா இருவருக்கும் நன்றி. உடன்படிக்கையின் அதிகாரப் பட்டியலை நான் இதுவரை முழுமையாகப் படித்ததில்லை; நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுக்கப் போகிறேன். மேலும் இரண்டு விடயங்களில் எனக்குத் தெளிவு வேண்டும். 1961 சத்தியாக்கிரகத்தை அவருடைய தலைமையின் உச்சம் என்று சிலரும், பயனற்றுப் போன முயற்சி என்று சிலரும் எழுதுகிறார்கள். கிழக்கில் அது எப்படிப் பார்க்கப்பட்டது? அடுத்து, 1972 இல் அவர் தம் நாடாளுமன்றப் பதவியைத் துறந்தது ஏன்? அந்த இடைத்தேர்தலைப் பற்றிப் பாடநூல்களில் ஒரு வரிக்கு மேல் எனக்குக் கிடைக்கவில்லை.


மறுமொழி: மட்டக்களப்பான்

முதற் கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். 1961 ஜனவரி முதலாம் நாள் முதல் நாடு முழுவதும் சிங்களத்திலேயே நிருவாகம் என்று சிறிமாவோ அரசாங்கம் முடிவு செய்ததன் எதிர்வினையாக, பெப்ரவரி 20 அன்று மாவட்ட அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணம் கச்சேரியின் வாயிலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. முதல் நாளே காவல்துறை அமர்ந்திருந்தவர்களை இழுத்தும் அடித்தும் அகற்ற முயன்றது. மறுநாள் கூட்டம் பெருகியதே அதன் விளைவு. சில வாரங்களில் மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்புக் கச்சேரிகளும் செயலிழந்தன. மட்டக்களப்பில் தமிழர் மட்டுமல்லாமல் முஸ்லிம்களும் வந்து அமர்ந்தார்கள் என்பதையும், எல்லா ஊர்களிலும் பெண்கள் பெருந்தொகையாகக் கலந்துகொண்டார்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அரசியல் கூட்டத்துக்கே வராத குடும்பங்களிலிருந்து அவர்கள் வந்தார்கள்.

ஏப்ரல் 14 அன்று செல்வநாயகம் தமிழரசுத் தபால் சேவையைத் தொடங்கிவைத்தார். மக்கள் வரிசையில் நின்று முத்திரை வாங்கினார்கள். அரசாங்கம் அதைச் சட்டமறுப்பாகக் கொண்டு 17 ஆம் நாள் அவசரகால நிலையை அறிவித்து, இராணுவத்தைக் கொண்டு சத்தியாக்கிரகிகளை அகற்றி, தலைவர்களைப் பனாகொடை இராணுவ முகாமில் மாதக்கணக்கில் தடுத்துவைத்தது. மொழிச் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்ற அளவில் அது தோல்விதான். ஆனால் இரண்டு மாத காலம் ஐந்து மாவட்டங்களின் அரசாங்க நிருவாகத்தை ஆயுதமின்றி நிறுத்தி, இத்தனை ஆத்திரத்தின் நடுவிலும் மக்கள் திருப்பித் தாக்காமல் இருக்கச் செய்த ஒழுங்கை, அந்த மெல்லிய குரல் கொண்ட மனிதரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு இல்லாமல் விளக்க முடியாது. அவர் மேடைப் பேச்சாளர் அல்லர். பேச்சால் கூட்டத்தை ஆட்டிவைக்கும் ஆற்றல் வேறு பலருக்கு இருந்தது. சொன்ன நாளில் சொன்ன இடத்தில் வந்து அமர்வார் என்ற நம்பிக்கை அவர்மேல் மக்களுக்கு இருந்தது.

கிழக்கைப் பற்றிக் கேட்டதால் இன்னொன்றையும் சேர்க்கிறேன். எங்கள் பகுதியில் மொழியைவிடக் காணியே நெஞ்சை அடைத்த பிரச்சினை. கல்லோயா, அல்லை, கந்தளாய்க் குடியேற்றங்களால் மாகாணத்தின் மக்கள்தொகைச் சமநிலை கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தது. 1965 மார்ச் 24 அன்று டட்லி சேனநாயக்கவுடன் செய்த உடன்படிக்கையில் காணி வழங்கும் ஒழுங்கு வரிசையாக எழுதப்பட்டது: முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோர், அடுத்து வடக்கு கிழக்கில் வாழும் தமிழ் பேசும் மக்கள், மூன்றாவதாகவே பிற குடிமக்கள், அவர்களிலும் நாட்டின் ஏனைய பகுதிகளில் வாழும் தமிழருக்கு முன்னுரிமை. இதற்காகவே தமிழரசுக் கட்சி ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்தை ஆதரித்தது. செல்வநாயகம் தாம் பதவி ஏற்கவில்லை, செனட் சபை உறுப்பினரான மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார்.

இந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றி என் கருத்து கடுமையானது. தமிழ் மொழி விசேட விதிகள் சட்டம் 1958 இலேயே இயற்றப்பட்டிருந்தும், அதன் ஒழுங்குவிதிகள் 1966 ஜனவரியில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அவை நடைமுறையில் பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றன. மாவட்ட சபைகள் 1968 இல் வெள்ளை அறிக்கை வரை வந்து கைவிடப்பட்டன. திருகோணமலைக் கோட்டைப் பகுதியில் கோணேசர் ஆலயச் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராய அமைத்த குழுவைப் பிரதமர் கலைத்தபோது திருச்செல்வம் விலகினார். அதன் பின் கட்சியும் அரசாங்கத்தைவிட்டு வெளியேறியது. 1958 இல் ஒரு முறை ஏமாந்தவர்கள், காலவரையறையோ சட்டவரைவோ கையில் இல்லாமல் 1965 இல் மீண்டும் நம்பியது, அவருடைய நீண்ட பொதுவாழ்வின் மிகப் பெரிய பலவீனம் என்றே கருதுகிறேன். கிழக்கு முஸ்லிம் உறுப்பினர்களைக் கட்சிக்குள் தக்கவைக்க முடியாமல் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; 1956 இல் தமிழரசுக் கட்சியில் வென்ற கல்முனை, பொத்துவில் உறுப்பினர்கள் பின்னர் அரசாங்கத் தரப்புக்குச் சென்றார்கள்.


மறுமொழி: வடமராட்சி வாசகர்

மேலே உள்ளவர்கள் தொடாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மாணவர்களிடம் இந்த வரலாற்றைக் கொண்டுபோகக்கூடாது. ஒரு கிறித்தவர், பெரும்பான்மையாக இந்துக்களாக உள்ள சமூகத்தின் மறுக்கப்படாத தலைவராக விளங்கினார், அவருடைய மதத்தை எதிரிகள் கிளப்பியபோதும் மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை என்பது நம் சமூகத்தின் பெருமை. ஆனால் அதே சமூகத்தில் தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டபோது, அரசாங்கத்தின் முன் அவர் காட்டிய உறுதி அங்கே காணப்படவில்லை.

சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இல் வந்தது. அதன் பின்பும் பத்தாண்டுகள் கடந்து, 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய முயன்றவர்கள் தாக்கப்பட்டார்கள். மாவிட்டபுரம் காங்கேசன்துறைத் தொகுதியிலேயே உள்ளது. அங்கே போராடியவர்களுக்குத் துணை நின்றவர்கள் பெரும்பாலும் நா. சண்முகதாசன் போன்ற இடதுசாரிகள். தமிழரசுக் கட்சியின் தலைமை தீண்டாமையைக் கொள்கையளவில் கண்டித்தாலும், கோயில் வாயிலில் வந்து நிற்கவில்லை. கிறித்தவரான தாம் இந்துக் கோயில் விவகாரத்தில் தலையிடுவது பொருந்தாது என்று அவர் கருதியதாகச் சொல்லப்படுகிறது. அந்தத் தயக்கத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கச்சேரி வாயிலில் அமர்ந்த அதே மனிதர் மாவிட்டபுரத்து வாயிலிலும் ஒரு நாள் அமர்ந்திருந்தால், வலிகாமத்தின் வரலாறு வேறாக எழுதப்பட்டிருக்கும். இதைச் சொல்வதால் அவருடைய மதிப்பு குறையும் என்று அஞ்சி மறைக்க வேண்டாம். உங்கள் முன் அமரும் மாணவர்களில் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள்.


மறுமொழி: தெல்லிப்பழையூரான்

வடமராட்சி வாசகர் சொன்னது சரி. எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்தது அது. 1965 பற்றி மட்டக்களப்பான் கூறியதில் ஒரு பகுதிக்கு மட்டும் உடன்படுகிறேன். காலவரையறை இல்லாமல் நம்பியது பிழைதான். ஆனால் பேசுவதற்கு முன்வந்த பிரதமரிடமும் பேசாமல் வேறு என்ன வழி அன்று இருந்தது என்பதையும் மாணவர்கள் யோசிக்க வேண்டும்.

இடைத்தேர்தலுக்கு வருகிறேன். 1970 இல் பெரும்பான்மையோடு வந்த சிறிமாவோ அரசாங்கம் புதிய அரசியலமைப்பை வரைய அரசியல் நிர்ணய சபையைக் கூட்டியது. தமிழரசுக் கட்சி அதில் பங்கேற்றுத் திருத்தங்களை முன்வைத்தது. ஒன்றும் ஏற்கப்படாததால் 1971 இல் வெளியேறியது. 1972 மே 22 அன்று நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பு, அதுவரை நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29 ஆவது பிரிவை விட்டுவிட்டு, பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு அரசியலமைப்பு அந்தஸ்தும் கொடுத்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, மே 14 அன்று, திருகோணமலையில் தமிழர் கூட்டணி உருவாகியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் எதிரெதிராக நின்ற தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும், தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் அதில் ஒன்றாகின.

தமிழர் இந்த அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்று அரசாங்கம் சொன்னது. ஏற்கவில்லை என்றார் செல்வநாயகம். அதை எப்படி நிறுவுவது? அவர் 1972 ஒக்டோபரில் காங்கேசன்துறை உறுப்பினர் பதவியை விட்டு விலகி, இதே கேள்வியை வைத்து இடைத்தேர்தலில் நிற்கிறேன், நான் தோற்றால் தமிழர் உங்கள் அரசியலமைப்பை ஏற்றதாகக் கொள்ளுங்கள் என்று அரசாங்கத்துக்கு அறைகூவல் விடுத்தார். உறுதியாகத் தம் கையில் இருந்த பதவியைத் தாமே மக்களிடம் திருப்பிக் கொடுத்து மீண்டும் கேட்டார். அரசாங்கம் அந்த இடைத்தேர்தலை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தாமல் தள்ளிப்போட்டது. அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுக்குவாத நோய் உடலையும் குரலையும் தளர்த்தியிருந்தது. 1975 பெப்ரவரி 6 அன்று தேர்தல் நடந்தபோது அவருக்கு 25,927 வாக்குகளும், அரசாங்கத் தரப்பில் நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலத்துக்கு 9,457 வாக்குகளும் கிடைத்தன. எதிர்த்து நின்றவரும் மதிக்கத்தக்க மனிதர் என்பதை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவார்கள். இது ஆளுக்காக நடந்த போட்டி அன்று.

உங்கள் மாணவி கேட்டதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. அவர் ஆலை கட்டவில்லை, சட்டத்தை மாற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் தாம் எடுத்த முடிவை மக்கள் முன் எழுத்தில் வைத்து, அவர்கள் வாக்கைக் கேட்டு, கிடைத்த தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார். 1952 இல் தோல்விக்கும் அப்படியே கட்டுப்பட்டார். வாக்குரிமையை ஒரு சமூகத்தின் அரசியல் கருவியாக்கிக் கொடுத்தது அவர் செய்த பணி. அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில் அவர் தலைமையில் கூடிய மாநாடு தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. சமஷ்டிக்காகவே கட்சி தொடங்கியவர் இருபத்தேழு ஆண்டுகள் கழித்து அங்கே வந்து சேர்ந்தார். தொண்டமான் அந்த முடிவில் பங்கேற்கவில்லை. மலையக மக்களின் நிலை வேறு என்றார், அது நியாயம். அந்தத் தீர்மானத்தை எந்த வழியில், எத்தனை காலத்தில் நிறைவேற்றுவது என்பதற்குத் தந்தை செல்வா தெளிவான திட்டம் எதையும் விட்டுச் செல்லவில்லை. பின்வந்த இளைஞர்கள் தங்கள் வழியில் அதை எடுத்துக்கொண்டார்கள். இதை உரையில் தவிர்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

இறுதியாக ஒரு தகவல். வட்டுக்கோட்டை மாநாட்டுக்குப் பின் கைதான அமிர்தலிங்கம் முதலியோர் மீது அதே ஆண்டு ஜூரிகள் இல்லாத மூன்று நீதிபதிகள் மன்றில் வழக்கு நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் தரப்பில் முன்னிலையான தமிழ் வழக்கறிஞர்களில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் செல்வநாயகமும் இருந்தார்கள். 1948 இல் பிரிந்தவர்கள் ஒரே பக்கத்து மேசையில் அமர்ந்த வழக்கு அது. பொன்னம்பலம் 1977 பெப்ரவரியிலும் செல்வநாயகம் ஏப்ரல் 26 அன்றும் மறைந்தார்கள். அந்த ஜூலையில் கூட்டணி 18 இடங்களை வென்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அதற்குப் பின் நடந்தவற்றைத் தனி இழையில் பேசுவோம்; இந்த உரைக்கு 1977 ஏப்ரலோடு நிறுத்திக்கொள்வதே பொருத்தம்.